எலியின் தைராய்டைக் குற்றம் சொல்லுமுன்

ரமண நகர்,
திருவண்ணாமலை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையை நிதானமாகப் பார்த்தேன். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டின் அளவும் நன்றாக இறங்கியிருக்கின்றன. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஏறவே இல்லை, நோயில்லாத எலிகளைவிடச் சற்றுக் குறைவாகக்கூட இருக்கிறது. "சர்க்கரை நோய் தைராய்டைக் கெடுக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாமா, பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், உன் அம்மாவின் ரத்தப் பரிசோதனையிலும் டி3 குறைவு என்று வந்திருப்பதால் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டியிருக்குமோ என்று ஒரு வரி.

எழுதாதே. மாத்திரைக்கும் அவசரப்படாதே. உன் எலிகளும் உன் அம்மாவும் அநேகமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். அது தைராய்டு கெட்டுப்போன சேதி இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மணி அடித்த பிறகும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். இப்போது உன்னை உட்கார வைக்கிறேன்.

தைராய்டு தன் இஷ்டப்படி சுரக்கும் சுரப்பி அல்ல. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி டி.எஸ்.எச். சுரக்கிறது. அது வந்து தூண்டினால்தான் தைராய்டு வேலை செய்யும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது தைராக்சின், அதாவது நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி4. கல்லீரலும் சிறுநீரகமும் மற்றத் திசுக்களும் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி, வீரியம் கூடிய டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. கழற்றும் நொதிக்கு டீஅயோடினேஸ் என்று பெயர். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் மேலே உள்ள இரண்டும் விழித்துக்கொண்டு டி.எஸ்.எச்.சைக் கூட்டும். தைராய்டே பழுதானால் முதலில் தெரிவது அந்த ஏற்றம்தான். ஊரில் யாருக்குத் தைராய்டு குறைவு என்றாலும் டாக்டர் முதலில் டி.எஸ்.எச். எவ்வளவு என்று பார்ப்பது இதனால்தான்.

உன் எலிகளில் அந்த ஏற்றம் இல்லை. டி3, டி4 இவ்வளவு இறங்கியும் பிட்யூட்டரி சும்மா இருக்கிறது என்றால், குறைத்துக்கொள் என்ற உத்தரவு மேலிருந்தே வந்திருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் இருக்கும் சுரப்பி சொன்னபடி கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மேலிருந்து ஏன் அப்படி உத்தரவு வரவேண்டும்? இன்சுலின் இல்லாத எலி வயிறு நிறையத் தின்கிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, ஆனாலும் மெலிகிறது. ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிய, தசையும் கொழுப்பும் பட்டினி கிடக்கின்றன. உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கிறது. கொழுப்பு கரையக் கரைய, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைகிறது. ஹைப்போதலாமஸில் டி.ஆர்.எச். சுரக்கும் நரம்பணுக்களுக்கு லெப்டின்தான் வீட்டில் சேமிப்பு இருக்கிறது என்று சொல்லும் சேதி. அந்தச் சேதி நின்றதும் டி.ஆர்.எச். குறைகிறது, பிட்யூட்டரி தளர்கிறது, தைராய்டு அடங்குகிறது. இன்னொரு பக்கம் கல்லீரலில் டீஅயோடினேஸ் நொதியின் வேலையும் குறைந்துபோவதால், இருக்கிற டி4கூடச் சரியாக டி3 ஆக மாறுவதில்லை. 1996இல் அமெரிக்காவில் அஹிமாவும் உடன் வேலை செய்தவர்களும் பட்டினி போட்ட சுண்டெலிகளுக்கு வெளியிலிருந்து லெப்டின் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டினியால் தைராக்சின் விழ வேண்டிய அளவுக்கு விழவில்லை. தைராய்டைத் தொடாமலே தைராய்டு அளவைத் தாங்கிப் பிடித்துவிட்டார்கள்.

நம் பக்கம் மழை பொய்த்த வருஷத்தில் கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் தாத்தா மோட்டாரை நிறுத்தி வைத்துவிடுவார். கம்பு நட்ட அரை ஏக்கருக்கு மட்டும் விடியற்காலையில் சிறிது நேரம் ஓடும். அதைப் பார்த்து மோட்டார் பழுது என்று யாரும் சொன்னதில்லை. உன் எலியின் தைராய்டும் அந்த நிலையில்தான் இருக்கிறது. ஹார்மோனைக் குறைத்து, உடல் எரிக்கும் வேகத்தைக் குறைத்து, கரைந்துகொண்டிருக்கும் தசையைக் கொஞ்ச நாளாவது காப்பாற்றப் பார்க்கிறது உடல். இதை நோய் என்று எழுதுவதைவிடச் சிக்கனம் என்று எழுதுவது உண்மைக்கு நெருக்கம்.

நுண்ணோக்கியில் பார்த்தால் சுரப்பியின் செல்கள் தட்டையாகத் தெரிகின்றன என்று நீ எழுதியதும் இதற்குள் அடங்கும். டி.எஸ்.எச். தூண்டுதல் குறைந்த எந்தத் தைராய்டிலும் செல்கள் உயரம் குறைந்து தட்டையாகும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு திசு சிதைவு என்று தலைப்புப் போட்டுவிடாதே.

இது பெரியம்மாவின் கற்பனை இல்லை என்பதற்குச் சாட்சி இன்சுலின். சர்க்கரை நோய் வந்த எலிகளுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், இறங்கிய தைராய்டு ஹார்மோன் மேலே வருகிறது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆய்வகங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். அழிந்த சுரப்பி அப்படித் திரும்பி வராது. ஆகவே உன் ஆய்வில் நான் முதலில் தேடியது இன்சுலின் கொடுத்த எலிக்கூட்டத்தைத்தான். காணவில்லை. நோயில்லாத எலிகள், நோய் வந்த எலிகள், நோய் வந்து ஆவாரம்பூச் சாறு பெற்ற எலிகள் என்று மூன்று கூட்டம் மட்டும் இருக்கின்றன. நான்காவதாக இன்சுலின் கூட்டம் ஒன்று வேண்டும். நோயே இல்லாமல் சாறு மட்டும் பெறும் ஐந்தாவது கூட்டமும் வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு நீ பயன்படுத்தும் மருந்தும் ஒரு காரணம். ஸ்ட்ரெப்டோசோடோசின் மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. நுண்ணுயிர்க்கொல்லி தேடிப் போனவர்கள் கையில் அகப்பட்டது. அது சர்க்கரை நோயை உண்டாக்கும் என்று ராகீட்டன் குழுவினர் 1963இல் சொன்னார்கள். அதற்கு முன்னோடியான அலோக்ஸானின் குணம் 1943இல் முயல்களில் தெரியவந்தது. சிறுநீரகச் சேதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் கணையத்தின் பீட்டா செல்கள் செத்துக் கிடப்பதைத் தற்செயலாகக் கண்டார்கள். ஸ்ட்ரெப்டோசோடோசின் மூலக்கூறு குளுக்கோஸ் வேடம் போட்டுக்கொண்டு குளூட்2 என்ற வாசல் வழியே பீட்டா செல்லுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. அந்த வாசல் பீட்டா செல்லில் மட்டும் இல்லையே! கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. டி4ஐ டி3 ஆக மாற்றும் முக்கியமான இடங்களும் அவைதான். எனவே உன் எலியின் டி3 குறைந்தது சர்க்கரை நோயாலா, ஊசி மருந்து கல்லீரலைத் தொட்டதாலா என்று தேர்வாளர் கேட்பார், கேட்க வேண்டும். இன்சுலின் கொடுத்ததும் டி3 ஏறிவிட்டால், மருந்தின் நேரடிச் சேதம் பெரிய காரணம் இல்லை என்று நீ தைரியமாகச் சொல்லலாம். அந்தக் கூட்டம் இல்லாமல் சொல்ல வழியே கிடையாது.

இனி ஆவாரம்பூ. கிரிவலப் பாதையில் ஆவாரம்பூப் பொடி, சிறுகுறிஞ்சான் பொடி, நாவல்கொட்டைப் பொடி என்று பொட்டலம் விற்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நீ. மலையடிவாரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடியை ஆய்வகத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்குப் பெருமைதான். தமிழ்நாட்டு ஆய்வகங்களுக்கு இதில் நல்ல மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் 1990இல் சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றை ஸ்ட்ரெப்டோசோடோசின் எலிகளுக்குக் கொடுத்து, கணையத் திட்டுகள் மீண்டும் தழைக்கின்றனவா என்று பார்த்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளிடமும் அந்தச் சாற்றை ஆராய்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரியும் லதாவும் 2002இல் ஆவாரம்பூவை அதே வகை எலிகளில் சோதித்து, சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் குறைவதைக் காட்டினார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளை நீ படித்திருப்பாய்.

நீ படிக்காமல் விட்டிருக்கக்கூடிய கட்டுரை ஒன்று இருக்கிறது. இந்தூரில் தேவி அகல்யா பல்கலைக்கழகத்தில் ஆனந்த் கர் வழிநடத்திய ஆய்வு. பாண்டா, தாகிலியானி, கர் மூவரும் 1999இல் வெளியிட்டது. சர்க்கரைக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு ஊற வைத்துத் தின்கிற வெந்தயத்தின் சாற்றைச் சுண்டெலிகளுக்கும் எலிகளுக்கும் கொடுத்தார்கள். டி3 குறைந்தது, டி4 கூடியது. அதாவது டி4ஐ டி3 ஆக்கும் இடத்தில் வெந்தயம் கை வைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மனிதரில் அப்படியே நடக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. தோசை மாவில் வெந்தயம் போடுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் ஆய்வு செய்கிற உனக்கு இதில் பெரிய எச்சரிக்கை இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கும் ஒரு தாவரம் தைராய்டு ஹார்மோனைத் தன் வழியில் தனியாகவும் மாற்றலாம். ஆவாரம்பூச் சாறு கொடுத்ததும் உன் எலிகளில் டி3 ஏறியிருக்கிறது. சர்க்கரை இறங்கியதால் சிக்கனம் தளர்ந்து டி3 தானாக ஏறியதா? பூவில் இருக்கும் ஏதோ ஒன்று தைராய்டையோ கல்லீரலையோ நேரடியாகத் தூண்டியதா? நோயில்லாத எலிக்குச் சாறு கொடுத்து, அதில் டி3 அசையவில்லை என்றால் முதல் விடை. அசைந்தால் இரண்டாவதற்கு இடமுண்டு. ஐந்தாவது கூட்டம் கேட்டது இதற்காகத்தான்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், "ஆவாரம்பூ தைராய்டையும் குணப்படுத்தும்" என்று ஒரு வரி உன் ஆய்வேட்டில் வந்துவிட்டால் போதும். அடுத்த பௌர்ணமிக்குள் கிரிவலப் பாதைப் பொட்டலத்தில் அது அச்சாகிவிடும். தைராக்சின் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைக் கரைத்துக் குடிக்க ஆள் இருக்கிறது, மகளே. உன் வரிக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

எலி வேறு, மனிதர் வேறு என்பதையும் ஒரு பத்தியில் எழுதிவிடு. மனித ரத்தத்தில் தைராக்சினைப் பிடித்து வைத்திருக்கும் டி.பி.ஜி. என்ற புரதம் நிறைய இருக்கிறது; வளர்ந்த எலியில் அது மிகக் குறைவு. அதனால் மனிதரில் டி4 பாதியாகக் குறைய ஆறேழு நாள் ஆகும்போது, எலியில் ஒரு நாளுக்குள், சில அளவீடுகளில் அரை நாளிலேயே, பாதியாகிவிடுகிறது. எலியின் தைராய்டு டி3ஐ நேரடியாகச் சுரக்கும் பங்கும் மனிதரைவிடக் கூடுதல். எனவே எலியில் ஒரு வாரத்தில் விழுவது மனிதரில் அதே வேகத்தில், அதே ஆழத்துக்கு விழ வேண்டும் என்பதில்லை.

இப்போது நீ கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எலியின் கழுத்தைத் திறந்து தைராய்டை எடுத்த அன்று இரவு சாப்பிடவில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படி இல்லாமல் எப்படி இருக்கும்? மயிலுக்கும் குரங்குக்கும் வழி விட்டு நடந்தவள். பசு லட்சுமியின் சமாதியில் பூ வைத்தவள். 1926இல் கன்றுக்குட்டியாக ஆசிரமத்துக்கு வந்து, 1948 ஜூன் 18 அன்று பகவான் ரமணர் அருகிருக்க உயிர் விட்ட பசு அது. அதன் பக்கத்திலேயே மான் வள்ளிக்கும், நாய் ஜாக்கிக்கும், ஒரு காகத்துக்கும் சமாதி இருக்கிறது. ஒரு காகத்தையும் அடக்கம் செய்து கல் வைத்த இடம் இது. எலியைக் கொல்லும் வேலை உன்னை உறுத்தாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

உறுத்துகிறது என்பதற்காக இந்தப் படிப்பை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்ததால்தான் சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள உறவு உறுதியானது. 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் வைத்திருந்த நாய்களில் 33ஆம் எண் நாய்க்கு மார்ஜோரி என்று பெயர். கணையம் இல்லாத அந்த நாயை அவர்கள் தயாரித்த சாறு வாரக்கணக்கில் உயிரோடு வைத்தது. அடுத்த ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை அந்த வயதில் இந்த நோய் வந்தால் சாவுதான். ரமண நகரில் நம் தெருவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறாள். அவள் உயிரில் அந்த நாய்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் எல்லா விலங்கின் சாவும் அப்படி ஓர் உயிரைக் காப்பாற்றுவதில்லை. பயனற்றுப் போகிற கட்டுரைகளுக்காகவும் எலிகள் சாகின்றன என்பது என் எண்ணம். ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாத ஆய்வு, தவறான கிட் வைத்து அளந்த ஆய்வு, ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் செய்யும் ஆய்வு எல்லாம் அந்த வகை. இரண்டு கூட்டம் கூடுதலாக வேண்டும் என்று உன்னிடம் கேட்கும்போது இன்னும் பன்னிரண்டு எலிகளைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டால், இப்போது செத்த பதினெட்டும் எதையும் நிரூபிக்காமல் செத்தவை ஆகும்.

இந்த நாட்டில் இதற்குச் சட்டம் வந்த கதையில் நம் மதுரையில் பிறந்த ஒரு பெண்ணின் கை இருக்கிறது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபின், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அதை அரசே எடுத்துச் செய்யும் என்று நேரு சொன்னார்; 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர். அந்தச் சட்டம்தான் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றது. நீ படிவம் நிரப்பி உன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கினாயே, அந்தக் குழு 1998 விதிகளின் கீழ் வந்தது. அந்தப் படிவத்தை வெறும் கையெழுத்துக் காகிதமாக நினைக்காதே. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எழுதிய புத்தகத்தில் சொன்ன மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன: விலங்கு இல்லாமல் செய்ய முடியுமா, குறைந்த விலங்கில் முடியுமா, வலியைக் குறைக்க முடியுமா. கூடுதல் கூட்டங்களுக்குத் திருத்த அனுமதி வாங்கு. எத்தனை எலி போதும் என்று புள்ளியியல் ஆசிரியரிடம் கணக்குப் போட்டுக் கேள். எல்லாரும் கூட்டத்துக்கு ஆறு என்று எழுதுவதால் நீயும் ஆறு என்று எழுதாதே. ஒரு எலி செத்தால் அதன் கல்லீரல், சிறுநீரகம், கணையம் எல்லாம் உன் கூட்டாளிகளில் யாருக்காவது பயன்படும்படி முன்கூட்டியே பேசி வை.

உயிரோடு இருக்கும் நாட்களையும் பார். ஊசி போட்ட முதல் இரவில் சாகும் பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் மொத்தமாக வெளியேறிச் சர்க்கரை திடீரென்று விழும். அன்று குளுக்கோஸ் தண்ணீர் வைக்க மறந்தால் எலி விடியுமுன் செத்துக் கிடக்கும். பிறகு வரும் நாட்களில் அவை ஓயாமல் சிறுநீர் கழிக்கும். மற்றக் கூண்டுக்கு வாரம் இருமுறை படுக்கை மாற்றினால் இவற்றுக்குத் தினம் மாற்ற வேண்டும். தண்ணீர்ப் புட்டி ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. ஈரப் படுக்கையில் நடுங்கும் எலியின் டி.எஸ்.எச். அளவில் அந்த நடுக்கமும் சேர்ந்துவிடும். பிடித்து அலைக்கழித்தாலே எலியில் டி.எஸ்.எச். இறங்கும், நாளின் எந்த நேரத்தில் ரத்தம் எடுக்கிறாய் என்பதைப் பொறுத்தும் மாறும். எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில், பழகிய கையால் எடு. இதில் இரக்கம் வேறு, அறிவியல் வேறு என்று பிரிக்க முடியாது.

சர்க்கரையும் தைராய்டும் உண்மையிலேயே சேர்ந்து கெடும் விலங்குகளும் உண்டு. அவற்றோடு உன் எலியைக் குழப்பிவிடாதே. கனடாவில் 1970களில் தெரியவந்த பி.பி. எலிகளும், ஜப்பானில் உருவான நாட் சுண்டெலிகளும் யாரும் ஊசி போடாமலே சர்க்கரை நோய்க்கு ஆளாகின்றன. அவற்றின் நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்தக் கணையத்தையே தாக்குகின்றன, பி.பி. எலிகள் பலவற்றில் அதே செல்கள் தைராய்டுக்குள்ளும் புகுகின்றன. சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நோயாளிகளில் தைராய்டு எதிர்ப்பொருள் அதிகம் காணப்படுவது இந்த வழிக்கு உறவு. அந்தப் பிள்ளைகளுக்கு நோய் தெரிந்து, சர்க்கரை நிலைப்பட்டதும் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது அதனால்தான். உன் ரசாயன எலி இந்தக் கதையைச் சொல்லாது.

உன் அம்மாவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அவர்களில் ஒருத்தி என் தங்கை. இரண்டாவது வகை. அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வந்தும், பண்டிகை, விசேஷம் என்று விட்டு விட்டுச் சாப்பிடுகிறாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 290 இருந்த அன்று, ஏதோ தள்ளுபடி என்று முழு உடல் பரிசோதனை எடுத்துக்கொண்டாள். டி3 குறைவு, டி.எஸ்.எச். சரியான அளவு. நீ அனுப்பிய எலி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்.

சர்க்கரை இவ்வளவு தறிகெட்டு இருக்கும்போதும், வேறு கடுமையான நோயில் கிடக்கும்போதும், மனிதரிலும் டி3 இறங்கும். அந்த நேரத்தில் தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தால் கல்லீரல் இன்னும் அதிகச் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும், தசை கரையும், இதயம் வேகமாக அடிக்கும். உடல் பிடித்துவைத்த சிக்கனத்தை நாமே உடைத்த மாதிரி. முதலில் சர்க்கரை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடட்டும். டாக்டரிடம் போய் அளவு போதுமா என்று கேட்கட்டும். சர்க்கரை அடங்கிச் சில வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் திரும்பப் பார்க்கச் சொல். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறாளா என்று விசாரி. அது பல லேப்களின் தைராய்டு அளவைக் குழப்பிவிடும், பரிசோதனைக்கு முன் லேபில் சொல்ல வேண்டும். அப்போதும் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் அது உண்மையான தைராய்டு குறைவாக இருக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுப்பதைத் தயங்காமல் சாப்பிட வேண்டியதுதான். இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். சோர்வும் உடம்பு வலியும் இரண்டிலும் வரும் என்பதால் ஒன்றை மற்றொன்றின் தலையில் கட்டுவது எளிது. அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்.

ஆய்வேட்டில் எழுத வேண்டிய வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: "ஸ்ட்ரெப்டோசோடோசின் எலிகளில் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயின்போது டி3, டி4 குறைந்தன, டி.எஸ்.எச். ஏறாததால் இது சுரப்பியின் சேதத்தைவிட மைய ஒடுக்கத்தையும் புறத் திசு மாற்றத்தையும் சுட்டுகிறது." அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத வேண்டுமென்றால் இன்சுலின் கூட்டத்தின் எண் கையில் இருக்க வேண்டும்.

உன் வழிகாட்டி அவசரப்படுவதாக எழுதியிருக்கிறாய். அவரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேள். ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. விடுதிக் கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவிடம் பேச வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் நாளையே செய். நான் இவ்வளவு பேசியதும் உன் டி.எஸ்.எச். எண் சரி என்ற நம்பிக்கையில்தான். மனித டி.எஸ்.எச். அளக்கச் செய்த கிட் எலியின் டி.எஸ்.எச்.சைச் சரியாக அடையாளம் காணாது. ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பியிருந்தால் மனிதருக்கான எந்திரத்தில்தான் ஓட்டியிருப்பார்கள். டி3யும் டி4உம் எல்லா விலங்கிலும் ஒரே மூலக்கூறு என்பதால் அவற்றில் அந்த ஆபத்து குறைவு. டி.எஸ்.எச். ஒரு புரதம், அது விலங்குக்கு விலங்கு மாறும். எந்த கிட், எந்த விலங்குக்கானது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எனக்கு எழுது. எலிக்கானது இல்லையென்றால், உறைபெட்டியில் மிச்சம் வைத்திருக்கும் சீரத்தை எலி கிட்டில் மறுபடி அளந்த பிறகு மற்றதைப் பேசுவோம்.

அன்புடன்,
உன் பெரியம்மா